கைக்கதை விரதம்

என்னோடு வட்டக்கச்சிக் குடியேற்றத்தில் வளர்ந்தவர்களே, இப்போது ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறீர்கள். கலியாண வீட்டிலோ செத்த வீட்டிலோ எப்போதாவது சந்தித்துக்கொள்கிறோம். அப்போதெல்லாம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். மண்டபத்தின் அந்தத் தொங்கலில் நிற்கிறவரை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கை தானாக எழும்புகிறது. சாப்பிட்டாயா, பக்கத்தில் நிற்பது யார், பஸ் போய்விடும் வா, அந்த அறுவைக் கிழவனுக்குப் பக்கத்தில் மட்டும் இருந்துவிடாதே, எல்லாம் கையாலேயே நடக்கிறது. மருமக்களும் பேரப்பிள்ளைகளும் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

அது என் அக்காவின் பாஷை. அதை நீங்கள் மறந்திருக்கலாம். பழகிப்போன எதற்கும் யார் தந்தது என்று கேட்கிற வழக்கம் நமக்கு இல்லை. ஆனால் எனக்கு ஒவ்வொரு முறையும் அந்த ஒரு வைகாசி ஞாபகத்துக்கு வந்துவிடும். வந்தால் பிறகு கதிரையில் இருக்க முடியாது. இதை எழுதத் தொடங்கிய பிறகே இரண்டு தரம் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

எங்கள் வீட்டில் முதற்பிள்ளை அக்கா. கைக்குழந்தையாக இருக்கும்போது ஒருநாள் குசினியில் பித்தளைச் சட்டி தடாலென்று விழுந்திருக்கிறது. ஊரே திரும்பிப் பார்த்த சத்தத்துக்கு ஏணையில் கிடந்த பிள்ளை அசையவில்லை. அம்மா அன்றைக்கு ஒருநாள் அழுதாராம். அடுத்தநாள் அழவில்லை. பாலைக் காட்டிக் கையால் ஒன்று செய்தார், நிலவைக் காட்டி ஒன்று, காகத்தைக் காட்டி ஒன்று. பிள்ளை திருப்பிச் செய்தது. கொஞ்ச நாளில் பிள்ளை தானாக ஒன்றைச் செய்து காட்டியது, அதை அம்மா கற்றுக்கொண்டார். இப்படி ஒருத்திக்கு ஒருத்தி கொடுத்து வாங்கி, நான் பிறப்பதற்குள் ஒரு முழுப் பாஷையே வளர்ந்துவிட்டது. நான் வாய்த்தமிழும் கைத்தமிழும் ஒன்றாகத்தான் படித்தேன். எது முதலில் வந்தது என்று எனக்கே தெரியாது.

எல்லாருக்கும் அதில் பெயர் இருந்தது. அம்மா என்றால் மூக்குத்தியைத் தொடுவது. ஐயா என்றால் தலையில் துவாய் கட்டுவது. எனக்கு வைத்த பெயரைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது: புறங்கையால் மூக்கைத் துடைப்பது. மாற்றித் தா என்று எத்தனையோ தரம் கெஞ்சிப் பார்த்தேன். எழுபது தாண்டியும் அக்காவுக்கு நான் மூக்குச்சளிதான். அக்காவின் பெயரை அம்மா வைத்தார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி விரல்களை விரிப்பது. தவழுகிற வயதில் தூக்கு, தூக்கு என்று அக்கா கேட்ட விதம் அது.

யாழ்ப்பாணத்துப் பத்து ஊர்களில் இருந்து பிடுங்கி நட்ட ஆட்கள்தானே நாங்கள். அங்கே வேலிக்கு வேலி வீடு. இங்கே ஒரு வளவில் கூப்பிட்டால் அடுத்த வளவுக்குக் கேட்காது. கத்திக் கத்தித் தொண்டை வறண்டவர்கள் மெல்ல மெல்ல அக்காவிடம் படித்தார்கள். வாய்க்கால் திறந்தாயிற்று என்றால் இரு உள்ளங்கைகளையும் கதவுபோல விரிப்பது. மாடு வயலில் இறங்கிவிட்டது, பாம்பு, சோறு வந்தாயிற்று, எல்லாம் வரம்புக்கு வரம்பு கையாலேயே போகும். எங்கள் பக்கத்துக் காணி மாமிதான் அதில் கெட்டிக்காரி. வாயாலும் நிறுத்தமாட்டார், கையாலும் நிறுத்தமாட்டார். சூடடித்து நெல் அளக்கும்போது களத்தில் வாய்விட்டுக் கதைக்கக்கூடாது, பொலி போய்விடும் என்பார்கள். மற்றக் களங்களில் ஆண்கள் உம்மென்று நிற்பார்கள். எங்கள் களத்தில் மட்டும் கதை ஓயாது. ஐயா அக்காவைத் தன்னோடு நிறுத்திக்கொண்டு சாக்கு வேண்டும், கயிறு வேண்டும், அந்த மனிசன் எப்போது வீட்டுக்குப் போவான் என்பது வரைக்கும் கையால் கதைப்பார். அம்மாளாச்சிக்குக் கூடக் கேட்டிராது.

ஆனால் உண்மையான கதை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். எங்கள் வீட்டில் அரிக்கன் லாம்பு படிப்பதற்கு அல்ல, கதைப்பதற்கு. அம்மாவும் அக்காவும் அதற்கு இரண்டு பக்கமும் இருப்பார்கள். கைகளின் நிழல் மண்சுவரில் ஓடும், அக்காவின் கண்ணாடிக் காப்புகள் கிலுங்கும். அன்றைக்குக் கண்டது, நினைத்தது, பயந்தது, சிரித்தது, ஒன்றுவிடாமல் அக்கா சொல்லுவாள். அம்மாவும் தன் சின்ன வயதுக் கதைகளை அக்காவுக்குத்தான் சொன்னார். எனக்குச் சொன்னது குறைவு. எனக்குப் பொறாமையாக இருக்கும். லாம்பை அணைத்த பிறகும் முடியாது. ஒருத்தி கையை மற்றவள் கைக்குள் வைத்துக்கொண்டு இருட்டுக்குள் கதைப்பார்கள்.

அப்படியான ஒரு இரவில்தான் பெரியப்பா வந்திருந்தார்.

பெரியப்பா அம்மாவின் தமக்கையின் கணவர். கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் இருந்து இளைப்பாறியவர். சித்திரை வருடம் பிறந்த கையோடு பரந்தனில் ரயிலால் இறங்கி, குடையும் பனங்கட்டிக் குட்டானுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்கா அவருக்குப் பெயர் வைக்க ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. குடையைக் கக்கத்தில் இடுக்குவது. அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். பனங்கட்டியை உடைத்து முதல் துண்டை அக்காவின் வாயில்தான் வைத்தார். அக்கறை இல்லாதவர் தரும் புத்திமதியை நாம் கேட்பதில்லையே. அக்கறை உள்ளவர்தான் நம்மைக் கவிழ்க்கிறார்.

லாம்புக்கு இரண்டு பக்கமும் அம்மாவும் அக்காவும் சிரித்துக்கொண்டிருந்ததை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பிள்ளை, நீ இவளைக் கெடுக்கிறாய்," என்றார் அம்மாவிடம்.

"என்ன அத்தான் சொல்லுறியள்?"

"எல்லாத்தையும் கை சொல்லிப்போட்டால் வாய் ஏன் வேலை செய்யப்போகுது? மேல்நாட்டிலை படிச்ச ஆக்கள் சொல்லினம், கையை அடக்கினால் வாய் தன்ரை பாட்டிலை திறக்கும் எண்டு. கொழும்பிலை எங்கட கந்தோர்க்காரர் ஒருத்தற்றை பெடியன், இவளை மாதிரித்தான், 'அம்மா' எண்டு சொன்னவன். நான் என்ரை காதாலை கேட்டனான்."

ஐயா சுருட்டை வாயில் இருந்து எடுத்தார். "அண்ணை, அவளுக்குக் காது கேக்காது. கேக்காத சத்தத்தை அவள் எப்பிடிச் சொல்லுறது?"

"அடி மேல் அடி அடிச்சால் அம்மியும் நகரும்," என்றார் பெரியப்பா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, ஒண்டு கேக்கிறன். நாளைக்கு நீ கண்ணை மூடினால் இவளோட ஆர் கதைக்கப்போகினம்? இன்னொருத்தன்ரை வீட்டிலை போய் என்னெண்டு சீவிக்கப்போறாள்?"

அம்மா லாம்பின் திரியை இறக்கினார். அந்தக் கேள்வி போய்த் தைத்த இடம் எனக்குத் தெரிந்தது. அது அவருக்குள் ஏற்கெனவே இருந்த பயம். பெரியப்பா அடுத்தநாள் ரயிலேறிப் போய்விட்டார். கேள்வி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

இரண்டொரு நாள் அம்மா ஒரு வேலையிலும் நிற்காமல் அலைந்தார். பிறகு ஐயாவிடம் சொன்னார். "இஞ்சருங்கோ, வற்றாப்பளை அம்மாளின்ரை பொங்கலுக்கு நேர்த்தி வைக்கப்போறன். கடல் தண்ணியிலை விளக்கெரியிற இடம். என்ரை பிள்ளையின்ரை வாயைத் திறக்கமாட்டாவோ? சித்திரைப் பறுவத்திலை துவங்கி வைகாசிப் பொங்கல் வரைக்கும். வாயைக் கட்டுறது எல்லாரும் பிடிக்கிற விரதம். நாங்கள் கையைக் கட்டுவம்."

"அவளுக்கு ஆர் சொல்லுறது?" என்று ஐயா கேட்டார்.

"சொல்லக்கூடாது. சொன்னால் கையாலைதானே சொல்லவேணும். துவங்கமுதலே விரதம் முறிஞ்சுபோம்."

இப்போது நினைத்தால் ஓடிப்போய் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கிறது. முதல்நாளே சொல்லிவிட்டுத் தொடங்கியிருக்கலாம். பறுவத்து முழுநிலவுக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் நேர்த்தி என்று வாயால் சொன்ன பிறகு அதைக் கையால் சொன்னால் தீட்டுப் பட்டுவிடும் என்று அம்மா நம்பினார். எனக்கு எட்டு வயது. பக்கத்துக் காணி மாமி வீட்டுக்கும் மற்ற வளவுகளுக்கும் சொல்லியாயிற்று. யாராவது ஒருவர் முறித்தாலும் அம்மன் கண்ணை மூடிக்கொள்ளுவா என்று என்னை வெருட்டி வைத்தார்கள்.

முதல்நாள் காலை அக்கா எழும்பி வந்து தான் கண்ட கனவைச் சொல்லத் தொடங்கினாள். அம்மா அவளுடைய கைகளைப் பார்க்காமல் தன் வாயைக் காட்டி, "அ... ம்... மா" என்றார். வாய் குகைபோலத் திறந்து மூடியது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். புது விளையாட்டு என்று நினைத்துத் தானும் வாயைப் பிளந்து காட்டினாள். பிறகு கனவை விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தாள். அம்மா எழுந்து மாட்டடிக்குப் போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் அவள் எல்லாரிடமும் போய்விட்டாள். ஐயாவிடம் போனாள். ஐயா மாட்டின் பல்லைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார். மாமியிடம் ஓடினாள். மாமி பாவம், இரண்டு கைகளையும் சீலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கமாய்த் திரும்பி நின்றார். என்னிடம் வந்தாள். நான் என் கைகளின் மேலே இருந்தேன். உண்மையாகவே, தொடைக்குக் கீழே வைத்து அமத்திக்கொண்டு. கைகள் தின்றன. சொறிய வேண்டும்போல, ஓட வேண்டும்போல, யாரையாவது கடிக்க வேண்டும்போல இருந்தது.

அந்த மாதம் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. அம்மா கழுவிய பானையைத் திரும்பக் கழுவினார். ஐயா அறுவடை முடிந்த வெறும் வயலுக்குப் போய் வரம்பில் நடந்துவிட்டு வந்தார். லாம்பு நேரத்தோடு அணைந்தது. அக்கா வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். கோழிக்கூட்டைத் திறப்பாள், மூடுவாள். படலையடியில் போய் நின்று ரோட்டைப் பார்ப்பாள். திரும்பி வந்து எங்கள் முகங்களைப் பார்ப்பாள். நாங்கள் வாயை ஆட்டிக்கொண்டே இருந்தோம். அவளுக்கு முன்னாலேயே, அவளைப் பற்றியே.

பிறகு ஒருநாள் அவள் வந்து என் கையைப் பிடித்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகங்களைப் பார்த்தாள். ஒவ்வொரு விரல் மூட்டாக அமத்தி, நோகிறதா என்று என் முகத்தைப் பார்த்தாள். ஐயா வந்ததும் அவருடைய கையையும் அப்படியே. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னேரம் அவள் நல்லெண்ணெய்க்குள் கற்பூரம் போட்டுச் சிரட்டையில் சூடாக்கிக் கொண்டு வந்து அம்மாவுக்கு முன்னால் சப்பணம் கட்டி இருந்தாள். அம்மாவின் வலக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். மணிக்கட்டில் இருந்து விரல் நுனி வரைக்கும், பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல, ஆறுதலாகத் தேய்த்தாள்.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. எங்கள் கைகளுக்கு ஏதோ வருத்தம் வந்துவிட்டது என்று அவள் நினைத்திருக்கிறாள். வீட்டில் எல்லாருக்கும், மாமிக்குங்கூட, ஒரே நேரத்தில் கை விழுந்துவிட்டது என்று.

அம்மாவின் கண்ணீர் எண்ணெய்க் கையில் விழுந்தது. அக்கா அதைத் துடைத்தாள். அவளுடைய உள்ளங்கைக்குள் அம்மாவின் சுட்டுவிரல் ஒருதரம் அசைந்ததை நான் கண்டேன். பிறகு அம்மா விரல்களை மடக்கிக்கொண்டார்.

"அம்மா, சொல்லுங்கோவன்!" என்று நான் கத்தினேன்.

"வாயை மூடு," என்றார் அம்மா. "இன்னும் கொஞ்ச நாள்தானே."

அன்று தொடக்கம் அக்கா தண்ணீர் அள்ளினாள், நெல்லுக் குற்றினாள், மாட்டுக்கு வைக்கோல் போட்டாள். எங்கள் கைகளுக்கு ஓய்வு வேண்டுமே. பின்னேரமானால் எண்ணெய்ச் சிரட்டையோடு வருவாள். வரிசையில் இருந்து கையை நீட்டுவோம். அந்தக் கற்பூர மணம் எங்காவது வந்தால் இன்றைக்கும் என் கை தானாக நீளுகிறது. ஐயா மட்டும் ஒருநாள் கையை நீட்டாமல் எழுந்து போய்விட்டார். மாட்டடியில் நின்று மூக்கைச் சிந்தினார்.

பொங்கலுக்கு இரண்டு மாட்டுவண்டில்களில் போனோம், நாங்கள் ஒன்றில், மாமி வீட்டார் மற்றதில். பரந்தனால் திரும்பி முல்லைத்தீவு ரோட்டால் போகப் போக வண்டில்கள் கூடிக்கொண்டே வந்தன. அக்கா வண்டிலில் அம்மாவின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். குலுக்கத்தில் அடிபடாமல் காப்பதுபோல இருந்தது.

கோயில் வெளி முழுக்க அடுப்பு, புகை, சனம். வற்றாப்பளைப் பொங்கலில் பறை அடித்தால் மண் நடுங்கும், தெரியும்தானே. பக்கத்தில் நிற்கிறவர் சொல்லுவதே கேட்காது. அம்மா மூன்று கல் வைத்துப் பானையை ஏற்றினார். மாமி குடத்தோடு கிணற்றடிக்குப் போனார். அக்கா விறகு எடுக்க வண்டிலடிக்குப் போனாள். நான் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தேன்.

கிணற்றடியில் நின்ற மாமி குடத்தைத் தூக்கிக் காட்டினார். ஒரு குடம் போதுமா என்பது அதன் பொருள். அம்மா, ஒரு யோசனையும் இல்லாமல், கையை உயர்த்தினார். போதாது, இன்னொன்று கொண்டு வா. மாமி, சனம் நெரிக்கிறது, பொறு என்றார், சீலைத் தலைப்பு பறக்க, முழுக்கையால். அம்மா சிரித்துக்கொண்டே, அந்தத் தொந்திக்காரனைத் தள்ளிவிட்டு வா என்றார். தொந்திக்கு ஒரு கை, தள்ளுவதற்கு ஒரு கை. மாமியும் சிரித்தார். ஒரு மாதமாகக் கட்டிக் கிடந்த கைகள் எவ்வளவு சந்தோசமாக ஓடின!

நான் திரும்பினேன். விறகுக் கட்டோடு அக்கா நின்றாள்.

அவள் அம்மாவைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள், திரும்ப அம்மாவைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் வந்தது கோபமல்ல. கோபமாக இருந்திருந்தால் நான் இத்தனை வருடம் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கமாட்டேன். கை சுகமாகத்தான் இருக்கிறது, என்னோடுதான் இல்லை என்று விளங்கிக்கொண்ட ஒரு பிள்ளையின் முகம் அது. விறகை மெதுவாகக் கீழே வைத்தாள். சனத்துக்குள் போனாள்.

"அம்மா, அக்கா கண்டிட்டா!" என்றேன். பறைச் சத்தத்தில் அம்மாவுக்குக் கேட்கவில்லை. சீலையைப் பிடித்து இழுத்துச் சொல்லி முடிப்பதற்குள் ஆளைக் காணவில்லை.

தொலைந்த பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடுவார்கள். நாங்கள் எதைச் சொல்லிக் கூப்பிடுவது? ஐயா ஒரு பக்கம் ஓடினார், மாமி குடத்தைப் போட்டுவிட்டு ஒரு பக்கம் ஓடினார். அம்மா நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு பக்கத்தில் நின்ற எங்கள் வண்டிலின் மேலே தாவி ஏறினார். கொண்டை அவிழ்ந்துவிட்டது. தலைக்கு மேலே இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை விரித்தார். அக்காவின் பெயர். திரும்பத் திரும்ப, நாலு பக்கமும் திரும்பி, அக்காவின் பெயர்.

அம்மா தெரிந்தே விரதத்தை முறித்தது அங்கேதான். ஆனால் அதைப் பார்த்த சனம் வேறு ஒன்றைக் கண்டது. பறை முழங்குகிற அம்மன் வாசலில், தலைவிரி கோலமாக, வண்டிலின் மேலே நின்று ஒரு பெண் கைகளை உயர்த்தி ஆடினால் அவர்கள் என்ன நினைப்பார்கள்?

"உரு வந்திட்டுது! அம்மாள் வந்திட்டா!"

வண்டிலைச் சுற்றிச் சனம் நெருக்கியது. வேப்பிலை பறந்து வந்தது. யாரோ மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். பறைக்காரர் இரண்டு பேர் எங்கள் பக்கம் திரும்பி இன்னும் ஓங்கி அடித்தார்கள். ஒரு மனிசி வண்டிலின் சில்லைப் பிடித்துக்கொண்டு, "தாயே, என்ரை மகனுக்கு எப்ப கலியாணம் ஒப்பேறும்? ஒரு வாக்குச் சொல்லு தாயே!" என்று அழுதாள்.

"விடுங்கோ, என்ரை பிள்ளையைக் காணேல்லை! விலகுங்கோ!" என்று அம்மா கத்தினார்.

"பிள்ளையைக் கேக்கிறா! அம்மாள் பிள்ளை கேக்கிறா!" என்று ஒரு கிழவர் சொன்னார். உடனே நாலைந்து தாய்மார் தங்கள் குழந்தைகளைத் தூக்கி நீட்டினார்கள், ஆசீர்வாதத்துக்கு. நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. அம்மா அந்தக் குழந்தைகளின் தலைகளுக்கு மேலாகப் பார்த்துப் பார்த்து அக்காவின் பெயரைச் சொன்னார். வியர்வையும் மஞ்சளும் முகத்தில் வழிந்தன.

அக்கா கோயிலை அடுத்த நந்திக்கடல் பக்கமாகப் போயிருக்கிறாள். கரையோரத்தில் சிலுவை மாலை போட்ட வேதக்கார மனிசி ஒருத்தி, தனியே தண்ணீருக்குள் இறங்கிப் போகிற பிள்ளையைக் கண்டு கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். எந்த ஊர், ஆருடைய பிள்ளை என்று கேட்டும் பதில் இல்லை. அந்த மனிசிக்கு மூளை இருந்தது. திருவிழாச் சனத்துக்கு முகம் தெரியும்படி பிள்ளையைத் திருப்பி நிறுத்தினார். தலைகளுக்கு மேலே, புகைக்கு நடுவே, தன் பெயரை அக்கா கண்டாள்.

வந்தாள். சனம் அவளுக்கு வழிவிடவில்லை, அவள்தான் முண்டி வந்தாள். வண்டிலுக்குக் கீழே நின்று அம்மாவை அண்ணாந்து பார்த்தாள். அம்மா குதித்து இறங்கிக் கட்டிப்பிடித்தார். அக்கா தள்ளவில்லை. கட்டிப்பிடிக்கவும் இல்லை. எங்கள் பொங்கல் அடிப்பிடித்து மணந்தது.

திரும்பி வருகிற வழியில், வண்டிலில், அம்மா எல்லாவற்றையும் கையால் சொன்னார். அம்மன், உன் வாய், நான் கும்பிட்டேன், கை வேண்டாம் என்றேன், உனக்காக, உனக்காக. அக்கா கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுடைய கை எழும்பியது. ஒரு மாதத்துக்குப் பிறகு அம்மாவிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பின்னால் வந்த வண்டிலில் இருந்த மாமியைக் காட்டினாள். தன் காதைத் தொட்டாள், மாமிக்குக் காது கேட்குமே என்று. அம்மாவின் கைகளைக் காட்டினாள். உள்ளங்கையைத் திருப்பினாள். ஏன்?

அம்மா கைகளை உயர்த்தினார். அவை அந்தரத்தில் நின்றன. என்னைப் பார்த்து வாயால், "அது கதையில்லையெண்டு சொல்லு, பிள்ளை. தண்ணிதானே கேட்டனான்," என்றார். நான் சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அக்கா அம்மாவோடு கதைக்காமல் விட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். கதைத்தாள். அரிசி, மாடு, மழை, அடுப்பு, எல்லாம் கதைத்தாள். சொன்ன வேலைக்கு எதிர்க்கதை கிடையாது. அம்மா காய்ச்சலில் கிடந்தபோது இரவு பகல் பக்கத்தில் இருந்தாள். லாம்புக்கு முன்னால் மட்டும் வந்து இருக்கவில்லை. கண்டது, நினைத்தது, பயந்தது எல்லாம் என்னிடமும் மாமியிடமும் வந்தன. அம்மா லாம்பைக் கொளுத்தி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். பெரியப்பா அடுத்தமுறை வந்து, "என்ன பிள்ளை, வாய் திறந்ததோ?" என்று கேட்டார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார்.

சில வருடங்களுக்குப் பிறகு ஸ்கந்தபுரத்தில் இருந்து ஒரு கமக்காரருக்கு அக்காவைக் கேட்டு வந்தார்கள். காது கேட்கிறவர், நல்ல மனிசன், கைக்கதை படிக்கிறேன் என்று தானாகவே சொன்னவர். சம்மதமா என்று அக்காவைக் கேட்க வேண்டும். அந்தப் பாஷையை உண்டாக்கிய அம்மா, கேட்கச் சொல்லி என்னை அனுப்பினார்.

குசினிக்குப் பின்பக்கம் மாமரத்தடியில் அக்கா இருந்தாள். அம்மா குசினி வாசலில் இருந்து சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். திரும்பினால் அக்காவின் கைகளைக் காணலாம், கண்டால் விளங்கும், அதனால்தான் திரும்பவில்லை. ஒட்டுக் கேட்பதில்லை என்பதை எங்கள் வீட்டில் அப்படித்தான் காட்டுவோம்.

நான் கேட்டேன். அக்கா, ஓம் என்றாள். பிறகு நிறுத்தாமல் கதைத்தாள். அந்த மனிசனுக்குக் கை வருமா? அங்கே நான் யாரோடு கதைப்பேன்? ஒருநாள் கோபத்தில் அவன் கையை மடக்கிக்கொண்டால் என்ன செய்வேன்? அம்மா மடக்கினார், அம்மாதானே என்று தாங்கினேன். இன்னொருத்தன் மடக்கினால்? எனக்குப் பயமாக இருக்கிறது. இதை அம்மாவுக்குச் சொல்லாதே. நான் அவளுடைய கைகளைப் பார்த்துக்கொண்டே அழுதேன். அவளும் அழுதாள். அழுதுகொண்டே இன்னும் கொஞ்ச நேரம் கதைத்தாள்.

நான் குசினிக்குப் போனேன்.

"என்னவாம்?" என்றார் அம்மா, சுளகில் இருந்து தலையை நிமிர்த்தாமல்.

"ஓமாம்."

"வேறை?"

"வேறை ஒண்டுமில்லையம்மா."

அம்மா ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தார்.

"இல்லைப் பிள்ளை," என்றார். "அவளின்ரை காப்பு எவ்வளவு நேரம் கிலுங்கினது. எனக்குக் கேட்டது."